எட்டாம் தேதி போன்

ஜூலை 1, திங்கள்

ஆடிட்டர் சார் இன்று எனக்கு ஒரு டைரி கொடுத்தார். ஏதோ சிமென்ட் கம்பெனிக்காரர் தை மாதம் கொண்டுவந்து வைத்தது. "பாதி வருசம் போயிருச்சே சார்" என்றேன். "மிச்சப் பாதி இருக்குல்லம்மா, அதுல எழுது" என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அரை டைரி போதும்தான்.

கோவில்பட்டியில் செருப்புக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கோமதிநாயகம் ஆடிட்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கூட்டிப் பெருக்குவது, டீ போடுவது, ஃபைல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஜூலை மாதம் எங்களுக்குத் திருவிழா மாதிரி. முப்பத்தொன்றாம் தேதிக்குள் வருமான வரிக் கணக்குக் கொடுத்துவிட வேண்டும். ஊர் முழுக்க முப்பதாம் தேதிதான் வரும்.

இந்த வருடம் எனக்குப் புது வேலை ஒன்று. கல்விக்கடன் கட்டுகிறவர்களின் காகிதங்களை மட்டும் பிரித்து மஞ்சள் ஃபைலில் போட வேண்டும். கடனுக்குக் கட்டிய வட்டியை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாமாம். வட்டிச் சான்று மேலே, மற்றதெல்லாம் தேதி வரிசையில் கீழே. பிரிசில்லா சொல்லிக்கொடுத்தாள். நாசரேத்துப் பெண், இங்கே வேலை பார்த்துக்கொண்டே ஆடிட்டருக்குப் படிக்கிறாள்.

பதினோரு ஃபைல் சேர்ந்தது. பதினொன்றாவது என் மகன் மூர்த்தியுடையது. கயத்தாறு காற்றாலையில் சூப்பர்வைசராக இருக்கிறான். தங்கச்சி படித்த கடனை அவன்தான் கட்டுகிறான். தங்கச்சி செண்பகவல்லி நர்சிங் படித்தாள். ஒன்றரை வருடம் வேலை பார்த்தாள். ஐந்து நாள் காய்ச்சல். போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

சாயங்காலம் மூர்த்தி இந்த மாதத் தவணை ஆறாயிரத்து நானூற்றைம்பதைக் கொடுத்தான். வாங்கி டப்பாவில் வைத்தேன்.

ஜூலை 3, புதன்

எட்டயபுரத்து வாத்தியார் ஒருவர் தன் காகிதங்களை நகைக்கடைப் பையில் கொண்டுவந்தார். கடன் கிடைத்த அன்று பேங்க் கடிதத்தைச் சாமி முன்னால் வைத்து நாலு மூலைக்கும் மஞ்சள் தடவியிருக்கிறார். பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

"கடனுக்கு எதுக்கு சார் மஞ்சள்?" என்று கேட்டுவிட்டேன்.

"கெடைச்சது நல்ல காரியம்தானம்மா. கட்டுறதுதான் கெட்ட காரியம்" என்றார்.

அவருக்குப் பின்னால் கடலைமிட்டாய்க் கடை அண்ணாச்சி. அவர் காகிதமெல்லாம் பாகு ஒட்டி ஒரே அட்டையாகிவிட்டது. பிரிசில்லா ஸ்கேலை விட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வட்டிச் சான்று தனியாக வந்தது, அதில் பாதி எறும்பு. அண்ணாச்சிக்கு இன்னொரு சந்தேகம். மகனுக்கு வாங்கிக் கொடுத்த பைக் கடனையும் இதில் சேர்க்கலாமா என்றார்.

"காலேஜுக்குத்தான போறான் அதுல? அப்ப அதுவும் படிப்புக் கடன்தான?"

"பெட்ரோலையும் சேத்துக்கிடுவோமா அண்ணாச்சி?" என்றார் சார்.

அண்ணாச்சி நிஜமாகவே யோசித்தார். போகும்போது அரைக் கிலோ மிட்டாய் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 5, வெள்ளி

பேங்குக்குப் போக நேரமில்லை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன்.

ஜூலை 6, சனி

மூர்த்திக்கு அரை நாள் வேலை. நேராக ஆபீஸுக்கு வந்தான். காற்றாலையில் ஏறி இறங்கியதில் தலைமுடியெல்லாம் குத்திட்டு நின்றது.

"தவணை கட்டியாச்சாம்மா?"

"ஆச்சு" என்றேன்.

சார் அவன் ஃபைலைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ செலவு என்று அர்த்தம்.

"தம்பி, இதைக் கழிக்க முடியாதேப்பா. கடன் நம்ம பேர்ல இருக்கணும். நாம படிச்சிருக்கணும், இல்லைன்னா பொண்டாட்டி, புள்ளைக படிச்சிருக்கணும். தங்கச்சிக்கு அண்ணன் கட்டுனா சட்டத்துல இடம் இல்ல."

"நான்தான சார் கட்டுறேன்? அப்பா இல்ல. அம்மாவுக்கு என்ன வருமானம் இருக்கு?"

"நீ கட்டுறது ஊருக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியலையே."

மூர்த்தி சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "சரி சார், இன்னும் நாலு வருசம்தான. சட்டத்துக்குத் தெரியாமலே கட்டிட்டுப் போறேன்."

கடம்பூரில் ஒரு பெண் வீட்டார் அவனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கடன் இருக்கா என்றுதான் முதலில் கேட்டார்களாம். முப்பது முடிந்துவிட்டது அவனுக்கு. கடன் முடியட்டும், பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டான். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. தரகர் சொன்னார்.

எதற்கும் கடன் காகிதம் முழுவதையும் கொண்டுவாருங்கள், ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றார் சார். கூடவே இறப்புச் சான்றும்.

ஜூலை 8, திங்கள்

பதினொன்றரைக்குப் போன் வந்தது. பேங்கிலிருந்து வினோதினி. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. பேச்சு வெல்லம் மாதிரி இருக்கும். நான் மாடிப்படிக்கு வந்து எடுத்தேன்.

"வணக்கமுங்க. செண்பகவல்லி மேடம் இருக்காங்களா?"

"டூட்டிக்குப் போயிருக்காம்மா."

"எப்பங்க வருவாங்க?"

"அவளுக்கு என்ன நேரங்காலம் இருக்கு? கூட வேலை பாக்குறவ ஒருத்தி லீவு போட்டா எல்லாம் இவ தலையிலதான்."

"ஐயோ, பாவமுங்க. ஒண்ணுமில்லீங்க, இந்த மாசத் தவணை மூணு நாள் தள்ளிப் போச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"இன்னைக்குக் கட்டிருவோம். நான் அவகிட்டச் சொல்லிருதேன்."

"சரிங்கம்மா. மேடத்தைக் கேட்டதாச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

மத்தியானம் போய்க் கட்டிவிட்டேன். தாமதத்துக்கு நூற்றுப் பதினெட்டு ரூபாய், அது என் பர்ஸிலிருந்து. வெயிலே இல்லை, நல்ல காற்று. வரும் வழியில் பிரிசில்லாவுக்குக் காராச்சேவு வாங்கி வந்தேன். என்னக்கா, இன்னைக்கு முகமெல்லாம் பளபளன்னு இருக்கு என்றாள்.

ஜூலை 10, புதன்

டிரங்குப் பெட்டியை இறக்கிக் கடன் காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கினேன். ஆபீஸ் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. பேங்க் அனுமதிக் கடிதம். காலேஜ் ஃபீஸ் நாலு வருடம். ஹாஸ்டல் ரசீது. யூனிஃபார்ம் இரண்டு செட். உடைத்த தெர்மாமீட்டருக்கு அபராதம், அதுவும் ரசீதோடு. அதை எங்களிடம் சொல்லவே இல்லை, கள்ளி.

எல்லாம் இருக்கிறது. இறப்புச் சான்று மட்டும் கிடைக்கவில்லை. மூர்த்தி பீரோவைக் குடைந்தான், பரணில் ஏறினான்.

"நீதானம்மா நகராட்சியில போய் வாங்கிட்டு வந்த?"

"வாங்குனேன். எங்க வச்சேன்னு தெரியல."

நானும் எல்லா இடத்திலும் தேடினேன். ரேஷன் அரிசி மூட்டைக்கு அடியில் தேடவில்லை. அங்கே போய் யாராவது காகிதம் வைப்பார்களா?

ஜூலை 12, வெள்ளி

ஆபீஸில் நிற்க இடமில்லை. இரண்டு டாக்டர், ஒரு தீப்பெட்டி ஃபேக்டரி முதலாளி, எல்லோரையும் காக்க வைத்துவிட்டு சார் என்னைக் கூப்பிட்டார். பேங்கிலிருந்து எடுத்த ஸ்டேட்மென்ட் அவர் கையில் இருந்தது.

"உலகம்மா, இங்க வாம்மா. இந்த மூணாவது வரி என்ன தெரியுமா? கடன் கொடுத்த அன்னைக்கே இன்சூரன்ஸ் பிடிச்சிருக்கான். கடன் வாங்குன ஆளுக்கு ஏதாவது ஆயிட்டா மிச்சக் கடனை இன்சூரன்ஸ்காரன் கட்டணும். மகள் போனப்பவே முடிஞ்சிருக்க வேண்டிய கடன்மா இது. பதினாலு மாசமா உன் மகன் கட்டுனது தொண்ணூறாயிரம். அதையும் திருப்பிக் கேக்கலாம். பேங்குக்கு அவ இறந்ததைச் சொன்னீங்களா இல்லையா?"

"சொல்லலை சார்."

"சரி, போனது போகட்டும். சான்றை மட்டும் தேடி எடு. கடன் முடிஞ்சிட்டா அதுக்கப்புறம் பேங்க்ல இருந்து ஒரு போன் தொந்தரவுகூட இருக்காது."

நல்லது சார் என்றேன்.

வெளியே பிரிசில்லா அதே ஸ்டேட்மென்டின் நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீய. செண்பா கட்டுன வரைக்கும் ஒரு தடவகூட லேட் இல்ல. அதுக்கப்புறம் மாசாமாசம் நூத்திப் பதினெட்டு அபராதம். அஞ்சாந்தேதி கட்ட வேண்டியத எட்டாந்தேதி கட்டியிருக்கீய."

"மறந்துருதும்மா."

"பதினாலு மாசமுமா? ஆபீஸ்ல யாருக்கு என்னைக்குக் கெடுன்னு எங்களுக்கே நீங்கதான ஞாபகப்படுத்துவீய."

டாக்டருக்கு டீ ஆறிவிடும் என்று எழுந்து போய்விட்டேன். நல்ல பிள்ளை, அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

மூர்த்தி கேட்டதற்காக பிரிசில்லா ஸ்டேட்மென்ட் நகல் ஒன்றை அவனிடம் கொடுத்திருக்கிறாள். காலையிலிருந்து தரையில் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, ஒவ்வொரு மாசமும் கேட்டா கட்டியாச்சுன்னுதான சொன்ன? இதுல எட்டு, எட்டு, ஒம்பது, எட்டுன்னு போட்டிருக்கு?"

"இரு, ரசம் பொங்கப் போகுது."

"பொங்கட்டும்."

"கூட்டமா இருந்துருக்கும் பேங்குல."

"மூணு நாளுமா கூட்டம்? ஒன்னாந்தேதியே பணத்தை ஒன் கையில தாரேன். பணத்தை எதுக்கும் எடுத்தியா? எடுத்தா எடுத்தேன்னு சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகுதான் சொன்னேன். திருட்டுப் பட்டம் வாங்குவதற்கு இது தேவலை.

முதல் மாதம் நான் நிஜமாகவே மறந்துவிட்டேன். வீட்டில் ஆள் வந்துபோய்க்கொண்டிருந்த நேரம், யாருக்குத் தவணை ஞாபகம் இருக்கும்? எட்டாம் தேதி போன் வந்தது. செண்பகவல்லி மேடம் இருக்காங்களா என்று ஒரு பிள்ளை கேட்டாள். சும்மா, பக்கத்து அறையில் இருக்கிறவளைக் கேட்பது மாதிரி. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. டூட்டிக்குப் போயிருக்கா என்று வந்துவிட்டது. ஐந்தாம் தேதியே கட்டிவிட்டால் அவள் எதற்குக் கூப்பிடப் போகிறாள்?

"தெருவுல நான் போனாப் பேச்சை மாத்துறாக. சொந்தக்காரவுக அவ பேரையே எடுக்குறதில்ல. நீயும்தான். அந்தப் புள்ள ஒருத்திதான் மாசம் ஒரு தடவ அவ இருக்காளான்னு கேக்கா."

மூர்த்தி தரையில் கிடந்த காகிதங்களை அடுக்கினான்.

"அப்ப அந்தச் சர்ட்டிபிகேட்டு?" என்றான்.

நான் கரண்டியைக் கழுவினேன்.

"நீ அழுவன்னுதாம்மா நான் பேசாம இருந்தேன்."

"நீ அழுவன்னுதான் நானும்."

அவன் காகிதத்தைப் புரட்டி மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டான். "ரெண்டு பேரும் அழாம இருந்ததுக்கு ஆயிரத்து அறுநூத்தி அம்பத்திரண்டு ரூவா அபராதம்" என்றான்.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவனுக்கும். அப்புறம் அவன் குளிக்கப் போய், குளித்துக்கொண்டே இருந்தான். ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. ஸ்டவ்வைத் துடைக்க அரை மணி நேரம் ஆனது.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. காற்று ஆளைத் தள்ளுகிறது. மூர்த்திக்கு ஓய்வே இல்லை, காற்றாலை ராட்டையெல்லாம் முழுக்க ஓடுகிறதாம். இரண்டு நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது சொல்ல வாய் திறக்கிறான். திறந்துவிட்டு ஊறுகாய் கேட்கிறான்.

ஜூலை 19, வெள்ளி

இன்று சாப்பிடும்போது சொல்லிவிட்டான். "இந்தக் கூட்டுக்கு செண்பா தேங்காய் போதலைன்னு சண்டை போடுவா."

போதவில்லைதான். ஒரு மூடிதான் இருந்தது.

ஜூலை 20, சனி

சான்று கிடைத்தது.

மூர்த்தி அதை வாங்கி, மேலே ஒட்டியிருந்த அரிசித் தவிட்டைத் தட்டினான். எங்கே இருந்தது என்று கேட்கவில்லை.

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றான்.

"இருக்கும்."

"நல்ல எலி. மடிக்காம, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்கு."

கரண்டியை ஓங்கினேன். ஓடிவிட்டான். முப்பது வயது.

ஜூலை 23, செவ்வாய்

மூர்த்தி கணக்கை சார் அனுப்பிவிட்டார். கல்விக்கடன் கழிவு இல்லாமல். வரி கொஞ்சம் கூடுதல்தான். "சட்டத்துக்குத் தெரியாம எதுவும் வேண்டாம் சார்" என்று மூர்த்தி சொல்லிவிட்டான். மஞ்சள் ஃபைலில் ஒன்று குறைந்துவிட்டது. பேங்குக்குக் கொடுக்க வேண்டிய மனுவை பிரிசில்லாவே எழுதினாள். என்னிடம் வாசித்துக் காட்டினாள். "எங்கள் மகள்" என்று வருகிற இடத்தில் மெதுவாக வாசித்தாள்.

பகலில் வினோதினி பேசிய நம்பருக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அவளிடமாவது நானே சொல்லிவிடலாம் என்றுதான். இந்த எண்ணுக்குத் திரும்ப அழைக்க முடியாது என்று ஒரு குரல் சொன்னது. அது வினோதினி இல்லை.

ஜூலை 26, வெள்ளி

ஆபீஸில் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் கேட்டேன். இந்தக் கூட்டத்தில் போகிறாளே என்று சார் முணுமுணுத்தார், ஆனால் போய்ட்டு வாம்மா என்றார். டீயை நான் பார்த்துக்கிடுதேன்க்கா என்றாள் பிரிசில்லா. அவள் போடுகிற டீயைக் குடித்தால் ரெண்டு டாக்டரும் ஒருத்தரை ஒருத்தர் கவனித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூர்த்தி இஸ்திரி போட்ட சட்டையில் பேங்குக்கு வந்திருந்தான். மேனேஜர் அம்மா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவ்வளவு வரிசையாக யாருமே கொண்டுவந்ததில்லை என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிவிடுகிறோம், ஒன்றரை மாதம் ஆகும், அதுவரை தவணை கட்ட வேண்டாம் என்றார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முன்னாடியே வந்திருக்கலாமேம்மா என்றார். வந்திருக்கலாம்மா என்றேன். ஒரே ஒரு கையெழுத்து பாக்கி, கடன் செக்‌ஷனில் ஃபைலை எடுத்ததும் கூப்பிடுவார்கள், வெளியே உட்காருங்கள் என்றார்.

ஹாலில் நல்ல கூட்டம். பென்ஷன் வாங்க வந்தவர்கள், நகைக்கடனுக்கு வந்தவர்கள், மகளிர் குழு ஒன்று மொத்தமாக. ஃபேனுக்கு நேராக இரண்டு நாற்காலி கிடைத்தது.

கடன் செக்‌ஷனில் ஒரு சின்னப் பையன், புதிதாக வேலைக்கு வந்தவன் போல. மேஜையில் ஃபைல் குவிந்து கிடந்தது. ஒரு ஃபைலை எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், அட்டையில் இருந்த பெயரைப் படித்துக் கூப்பிட்டான்.

"செண்பகவல்லி!"

எனக்குக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

மூர்த்தி பாதி எழுந்துவிட்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ள ஆரம்பித்தான். அது ஏற்கனவே மடித்துத்தான் இருந்தது.

"செண்பகவல்லி! சி. செண்பகவல்லி இருக்காங்களா?"

நாங்கள் இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூர்த்தியின் முழங்கை என் கையில் இடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை.

வாசலில் நின்ற வாட்ச்மேனுக்குப் பொறுக்கவில்லை. பட்டாளத்தில் இருந்தவர், நல்ல தொண்டை. உள்ளே இரண்டு எட்டு வந்து ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"யம்மா செண்பகவல்லி! யாரும்மா அது செண்பகவல்லி? எங்கம்மா இருக்க?"

பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மகளிர் குழுவில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் நீயா என்று கேட்டாள். ஒரு பெரியவர் எழுந்து நின்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். அத்தனை பேரும் திரும்பித் திரும்பி அவளைத் தேடினார்கள்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் எழுந்து போனோம்.